பிரேக்கில் பழுது இல்லை

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருக்கும் நம் ஷெட்டுக்குப் புது டிராக்டர்கள் அதிகம் வராது. அவற்றை விற்ற கம்பெனிக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். நம்மிடம் வருவதெல்லாம் இரண்டு மூன்று கை மாறிய வண்டிகள். பெயின்ட் போனவை, மீட்டர் ஓடாதவை, சாவி தொலைந்து ஒயரைத் தொட்டு ஸ்டார்ட் செய்பவை. என் வேலைக்காலம் முழுவதும் இவற்றோடுதான் போனது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். இஞ்சின் இறக்குவதையும் கியர்பாக்ஸ் பிரிப்பதையும் பக்கத்தில் நின்று பார்த்தே பிடித்துக்கொள்வீர்கள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஏழுமலை என்று ஒருவர் இருந்தார். அவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அதில் நான் செய்த எதையும் தவறு என்று யாரும் சொன்னதில்லை. எனக்கும் அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் அவரை நினைக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது. நம் வேலையில் இப்படியும் உண்டு என்று தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள்.

ஏழுமலைக்கு வில்லியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். டவுன் மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். மில்லை மூடியபோது உடன் வேலை பார்த்தவர்கள் ஆட்டோ வாங்கினார்கள், பெட்டிக்கடை வைத்தார்கள், சிலர் உப்பளத்தில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார்கள். இவர் பண்ருட்டிப் பக்கம் போய் ஒரு பழைய டிராக்டரை வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பின் டயர் இரண்டும் வழுக்கை. சைலன்சரைக் கட்டுக்கம்பி தாங்கிக்கொண்டிருந்தது. மனைவி காலமாகிவிட்டதால் வீட்டில் திட்டுவதற்கு ஆள் இல்லை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரே மகள் பூங்கொடி மட்டும் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இது ஓடுமாப்பா?” என்று கேட்டாளாம்.

ஓடியது. ஏழுமலை தன் கழனியை உழுதார், ஊரார் கழனியை உழுதார், டிரெய்லர் மாட்டிச் செங்கல் லோடு அடித்தார், கரும்பு லோடு அடித்தார். முன்பின் டிராக்டர் தொடாத மனிதர் சில வருடங்களில் வண்டியின் சத்தத்தை வைத்தே குறை சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். எதையும் மிகைப்படுத்தாமல் சொல்வார். டீசல் கசிகிறது என்றால் கசியும். கியர் முனகுகிறது என்றால் முனகும். அதனால்தான் அவர் பிரேக்கைப் பற்றிச் சொன்னபோது நான் மறுபேச்சு பேசவில்லை.

“மேஸ்திரி, பிரேக்கு புடிக்க மாட்டேங்குது. மிதிச்சாலும் போயிகினே இருக்குது” என்றார்.

பிரித்துப் பார்த்தேன். கொஞ்சம் தளர்வு இருந்தது. சரிசெய்து அனுப்பினேன். மழைக்காலம் முடியும் முன்பு அதே குறையோடு திரும்பி வந்தார். இந்த முறை லைனிங்கையே மாற்றினேன். ஷெட் வாசலில் நானே ஓட்டிப் பார்த்தேன். மிதித்த இடத்தில் நின்றது. அவரும் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் போனார்.

மூன்றாவது தடவை வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. பூங்கொடியும் கூட வந்திருந்தாள். அவள் படிப்பை முடித்து நம் ஷெட்டுக்குப் பின்தெருவில் ஒரு சோப்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அன்று ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டியில் அப்பாவைப் பார்க்க வந்திருந்தாள்.

“நீ ஓட்டினா நிக்குது, நான் ஓட்டினா நிக்க மாட்டேங்குது. வண்டிக்கு எம்மேல இன்னா கோவம்?” என்றார் ஏழுமலை.

“எங்க நிக்கல?”

“அரும்பார்த்தபுரம் பாலத்துல. எறங்கும்போது.”

இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். வாடிக்கையாளர் குறை சொல்வார், உங்கள் கையில் அந்தக் குறை தெரியாது. ஒன்றுமில்லை, போய் ஓட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடத் தோன்றும். அனுப்பாதீர்கள். அவர் எந்த ரோட்டில் ஓட்டுகிறாரோ அதே ரோட்டில் அவரையே ஓட்டவிட்டுப் பக்கத்தில் இருந்து பாருங்கள். நானும் அதைத்தான் செய்தேன். “வா, பாலத்துக்கே போலாம். நீ ஓட்டு, நான் கூட வரேன்” என்றேன்.

டிராக்டரில் ஓட்டுபவருக்கு மட்டும்தான் சீட். நான் பின்சக்கரத்தின் மட்கார்டு மேல் உட்கார்ந்துகொண்டேன். அங்கே யாரையும் உட்காரவிடாதீர்கள் என்று உங்களிடம் கண்டிப்பாகச் சொல்வேன். விழுந்தால் நேரே சக்கரத்தின் அடியில்தான். அன்றைக்கு அவர் காலைப் பார்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. பின்னால் காலி டிரெய்லர். அதற்கும் பின்னால் பூங்கொடியின் ஸ்கூட்டி.

பாலம் ஏறும்வரை ஒன்றுமில்லை. உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியபோது கீழே ஒரு டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. பின்படியில் கல்லூரிப் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை அவசரப்படவில்லை. நல்ல தூரம் இருக்கும்போதே பிரேக்கை மிதிப்பதுபோல் உடம்பைச் சாய்த்தார். வண்டி வேகம் குறையவில்லை.

“பாத்தியா? புடிக்கல பாரு” என்றார். குரலில் பயம் இல்லை. இப்போதாவது நம்பினாயா என்கிற மாதிரி இருந்தது.

நான் குனிந்து பார்த்தேன். அவருடைய வலது கால் பிரேக் மிதியின் மேலேயே இல்லை. மிதிக்குப் பக்கத்தில், வெறும் தகட்டை அழுத்திக்கொண்டிருந்தது. முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. தொடை நடுங்குவது வேட்டிக்கு மேலே தெரிந்தது. அந்தக் காலில் செருப்பும் இல்லை. வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை.

நான் நிமிர்ந்தேன். அதற்குள் அவர் இடது காலால் கிளட்சை மிதித்துவிட்டார். பதற்றத்தில் எல்லோரும் செய்வதுதான். இரண்டு காலையும் சேர்த்து அழுத்தினால் நின்றுவிடும் என்று உடம்பு நினைக்கிறது. இறக்கத்தில் கிளட்சை மிதித்தால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த இஞ்சினும் விட்டுவிடும். வண்டி சரசரவென்று ஓடத் தொடங்கியது. டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளியது.

“கிளட்ச விடு. ஏழுமல, கிளட்ச விடு” என்று கத்தினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் நினைப்பில் வண்டியை நிறுத்தப் பாடுபட்டுக்கொண்டிருப்பவர் அவர். நானோ, இருக்கிற ஒரே பிடியையும் விடச் சொல்கிறேன். ஆனாலும் விட்டார். இத்தனை வருடப் பழக்கத்தில் என் வார்த்தைக்கு அந்த மரியாதை இருந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி வேகம் தணிந்தது. நான் அவர் கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, பாதத்தை பிரேக் மிதியின் மேல் வைத்து, முழங்காலின் மேல் என் உடம்பையே போட்டு அழுத்தினேன். நின்றது. பஸ்ஸின் பின்படிக்கும் எங்கள் முன்சக்கரத்துக்கும் நடுவே ஓர் ஆள் நுழையக்கூட இடம் இல்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் பேச்சுக்குத் திரும்பினாள். பஸ் கிளம்பிப் போனது.

பாலத்துக்குக் கீழே டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தினோம். நான்தான் ஓட்டி வந்து நிறுத்தினேன். ஏழுமலை பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் காலைத் தூக்கி என் மடியில் வைத்துப் பார்த்தேன். உள்ளங்காலில் ஒரு கருவேல முள் முழுசாக ஏறி ஒடிந்திருந்தது. சுற்றிலும் கறுத்துச் சீழ் கட்டியிருந்தது.

“வலிக்கலயா?” என்றேன்.

“எது?”

பூங்கொடி பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “சுகர் மாத்தர போடறியான்னு கேட்டா, போட்டேன் போட்டேன்னுதானப்பா சொன்ன?”

அவர் என்னைத்தான் பார்த்தார். “பிரேக்கு இன்னா ஆச்சி? அதச் சொல்லு.”

“பிரேக்குல ஒண்ணும் இல்ல. ஒங்காலுதான் ஒனக்குத் தெரியல.”

அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துத்தான் சொன்னேன். சுற்றி வளைத்துச் சொன்னால் அவர் வேறொரு ஷெட்டுக்குப் போய் பிரேக்கைப் பிரிக்கச் சொல்வார். நேராகச் சொன்னால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போவார் என்று நம்பினேன். போனார். பூங்கொடி அவரை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆனால் முள் எப்போது ஏறியதென்று அவருக்கே தெரியாததால், விஷம் எவ்வளவு தூரம் ஏறியிருந்ததென்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

நான் பார்க்கப் போயிருந்தேன். போர்வைக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் தட்டையாக இருந்தது. “வண்டிய வெயில்ல உட்டுடாத. டயரு வெடிச்சிப் பூடும்” என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் சங்கடம்.

தை மாதத்தில் ஒரு நாள் பூங்கொடியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து ஷெட்டுக்கு வந்தார். கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு தன் டிராக்டரைச் சுற்றி வந்தார். அது இத்தனை நாளும் நம் ஷெட்டில்தான் தார்ப்பாய் போட்டு நின்றிருந்தது. பூங்கொடியை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“மேஸ்திரி, கை பிரேக்கு போட்டுக் குடு.”

“அதான் இருக்குதே.”

“அது நிக்கற வண்டிக்கு. நான் கேக்கறது, ஓடறப்ப நிறுத்தறதுக்கு. மிதிக்குப் பதிலா ஒரு லிவரு. காலு இல்லாதவங்களுக்கு ஸ்கூட்டரு, காரு எல்லாம் மாத்தித் தர்றாங்க. ஒனக்கா தெரியாது?”

தெரியும். அவர் சொல்லி முடிக்கும் முன்பே எங்கே துளை போடுவது, எந்தக் கம்பியை வளைப்பது என்று என் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. பெரிய வேலையும் இல்லை. நம் வேலையில் இது ஓர் ஆபத்து. செய்ய முடியும் என்று கை சொல்லும்போது, செய்யலாமா என்ற கேள்வி பின்னால் போய்விடும்.

“கழனிய மட்டும் உழுதுக்கறேன். ரோட்டுல ஏற மாட்டேன்” என்றார்.

“மாசி மகத்துக்கு?”

நம் பகுதியில் மாசி மகத்தன்று சுற்றுவட்டாரத்து ஊர்ச்சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரும். டிரெய்லரில் பந்தல் கட்டி, விளக்குப் போட்டு, சாமியை ஏற்றி, டிராக்டர் இழுத்துவரும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏழுமலை வண்டி வாங்கியதிலிருந்து அவர் ஊர்ப் பெருமாளை அவர்தான் கடலுக்குக் கூட்டிவந்தார். வழியெல்லாம் ஜனம். குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு சக்கரத்தை ஒட்டி நடப்பார்கள். அந்த ஊர்வலமும் அதே பாலத்தில்தான் இறங்க வேண்டும்.

“நான் லிவரு போட்டுக் குடுத்தா, மாசி மகத்துக்கு நீ சாமிய ஏத்திக்கினு போவியா மாட்டியா? அத மட்டும் சொல்லு.”

டிராக்டரின் பானெட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

“போவேன்” என்றார்.

“அப்ப நான் போட மாட்டேன்.”

போக மாட்டேன் என்று அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் செய்துகொடுத்திருப்பேனோ என்னவோ. அவருக்குப் பொய் வரவில்லை. ஒரு கையில் ஸ்டியரிங்கும் ஒரு கையில் லிவருமாக, இறக்கத்தில், அத்தனை குழந்தைகளுக்கு நடுவே அந்த மனிதரை உட்காரவைக்க என்னால் முடியாது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவர் கோபப்படவில்லை. டீ வந்தது. குடித்தார். “வண்டிய வெளிய எடுத்து வை, பூங்கொடி வந்து எடுத்துக்கினு போவட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் ஷெட்டுக்கு வரவில்லை.

மாசி மகம் நெருங்கியபோது ஊர்ப் பெரியவர்கள் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இந்த வருடம் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்ல வந்தவர்கள். பூங்கொடி, “வண்டி இருக்குது. நான் ஓட்டறேன்” என்றிருக்கிறாள். பள்ளிக்கூடம் படிக்கும்போதே அவள் கழனியில் ஓட்டிப் பழகியவள். பொம்பளைப் பிள்ளை சாமி வண்டி ஓட்டுவதா என்று ஒருவர் இழுத்தார். அப்போது ஏழுமலை கட்டிலில் இருந்தபடியே சொன்னாராம்: “அவ என்னவிட நல்லா ஓட்டுவா. இஷ்டம்னா ஏத்துங்க, இல்லனா விடுங்க.” பெரியவர்கள் சரி என்று எழுந்தார்கள்.

மாசி மகத்தன்று காலையில் நான் அவர் வீட்டுக்குப் போனேன். டிரெய்லரில் சாமிக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டு அவரை உட்காரவைத்துக் கூட்டிப்போகலாம் என்பது என் எண்ணம். பிடித்துக்கொள்ளக் கம்பியும் அடித்துவைத்திருந்தேன். பூங்கொடியும் கெஞ்சினாள். சட்டை போட்டு, நெற்றிக்கு இட்டு, தயாராகத்தான் இருந்தார். வாசல்வரை கட்டையை ஊன்றி வந்தார். பூக்கட்டி நின்ற வண்டியைப் பார்த்தார்.

“வேணாம் மேஸ்திரி. நான் ஓட்டின வண்டில சுமையா ஏறி வர மாட்டேன். நீங்க போங்க.”

“சுமையின்னு யாரு சொன்னது?”

“எனக்குத் தெரியும் இல்ல?” என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். பிறகு மகளைப் பார்த்து, “பாத்துப் போ” என்றார்.

நான் டிரெய்லருக்குப் பக்கத்திலேயே நடந்துபோனேன். பாலத்து உச்சியில் பூங்கொடி வண்டியை முழுசாக நிறுத்தி, கியரைக் குறைத்து, கிளட்ச்சுக்கே கால் போகாமல் இறக்கினாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கடற்கரையில் மேளம் வாங்கு வாங்கென்று வாங்கியது. சாமியை அலைக்குத் தூக்கிப்போனபோது அவள் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். “எறங்கி வந்து கும்பிடும்மா” என்றேன். “அப்பா எறங்க மாட்டாரு மாமா. வண்டிய உட்டுட்டு எறங்கக் கூடாதும்பாரு” என்றாள்.

அவள் வீட்டுக்குத் திரும்பியபோது நான் உடன் இல்லை. அவள்தான் பிறகு சொன்னாள். ஏழுமலை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாராம். சாமியைப் பற்றிக் கேட்கவில்லை. கூட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

“பாலத்துல எந்த கியர்ல எறக்கின?”

“மொத கியர்லப்பா.”

“ம்” என்று சொல்லிவிட்டுச் சோறு போடச் சொன்னாராம்.

அடுத்த மாசி மகத்துக்கு அவர் இல்லை. மழைக்காலத்தில் இன்னொரு காலிலும் புண் வந்து, சிறுநீரகமும் கெட்டு, ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டது. நான் கடைசியாகப் பார்த்தபோது நினைவு இல்லை. என்மேல் அவருக்குக் கடைசிவரை கோபம் இருந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. பூங்கொடியைக் கேட்டால் சொல்லியிருப்பாள். கேட்க மனசு வரவில்லை.

அவரோடு நான் பேசியிருக்க வேண்டியது ஏதோ ஒன்று இருந்தது என்று தோன்றும். என்ன அது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. லிவர் போட மாட்டேன் என்று சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு அந்த டீயை நாங்கள் பேசாமல் குடித்தோம் பாருங்கள், அந்த நேரம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. நீங்களும் ஒரு நாள் யாருக்காவது முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கும். சொல்லுங்கள். சொன்னபிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்கு உடனே போய்விடாதீர்கள். என்னால் இவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து பூங்கொடி டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தாள். இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினாள்.

“இன்னா கொற?” என்றேன்.

“கொற ஒண்ணும் இல்ல மாமா. சீட்டுதான் தூரமா இருக்குது. நுனில உக்காந்துதான் ஓட்டறேன். இடுப்பு வலிக்குது. கொஞ்சம் முன்னால தள்ளித் தர்றீங்களா?”

ஏழுமலை நல்ல உயரம். அவர் தனக்கு வைத்த இடத்திலேயே சீட்டு இத்தனை வருடம் இருந்திருக்கிறது. போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. ஸ்பானருக்கு அசையவில்லை. எண்ணெய் விட்டு, தட்டி, சூடுகாட்டிப் பார்த்தும் அசையவில்லை. கடைசியில் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

“அறுக்கட்டுமா?” என்று அவளைக் கேட்டேன்.

சீட்டில் இருந்த தூசியைக் கையால் துடைத்தாள். பிறகு, “அறுங்க மாமா” என்றாள்.

புதுத் துளை போட்டு, புதுப் போல்ட் வைத்து, சீட்டை முன்னால் தள்ளி முடுக்கினேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். முதுகைச் சாய்த்தாள். இரண்டு காலையும் மாற்றி மாற்றி மிதித்துப் பார்த்தாள்.

“எட்டுது மாமா” என்றாள்.